எல்.சி. நாற்பத்தேழு

கோடை மழை, இரவு எட்டு இருபது.
ஏற்காடு ஃபீடர் டிரிப் ஆனது.
ஒரு தரம் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை.
மறுதரம் கை வைக்கவில்லை.
நாகலூருக்கு மேலே எங்கோ
ஒரு சில்வர் ஓக்
கம்பியைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும்.

சடையன் கூப்பிட்டார்.
"மேடம், எல்.சி."
அவ்வளவுதான்.

இருபத்திரண்டாயிரம் வோல்ட்டும் இப்படித்தான் பேசும்:
அழுத்தம் அதிகம், ஓட்டம் கம்மி.
ஓட்டம் கூடினால் கம்பி கொதிக்கும்,
இருபது கொண்டை ஊசி ஏறுவதற்குள்
சரக்கில் பங்கு வழியிலேயே போய்விடும்.
ஊர் எல்லையில் டிரான்ஸ்பார்மர் நின்று
அந்த அதட்டலை வாங்கி
வீட்டுக்கு ஏற்ற குரலில்
இருநூற்று முப்பதாகச் சொல்லும்.

கோரிமேட்டு யார்டில் குடையில்லாமல் இறங்கி
ஐசலேட்டரைப் பிரித்தேன்.
மூன்று கத்தியும் விலகி நிற்பதை
டார்ச் அடித்து, ஒவ்வொன்றாக.
பூட்டினேன். சாவி என் கையில்.
நாற்பத்தேழு என்றேன்.
நாற்பத்தேழு என்று திருப்பிச் சொன்னார்.

அப்புறம் மூன்று மணி நேரம் மலை என்னைத் திட்டியது.
கறிக்கடை ஃப்ரீசர்,
நாளைக்குப் பரீட்சை எழுதும் பையனின் அப்பா,
ரூமைக் காலி செய்கிறார்கள் என்று ஒரு ரிசார்ட்காரர்.
"மேட்டூர்லருந்து கரண்ட் வந்துசேர இவ்வளவு நேரமா?"

மேட்டூரிலிருந்து எதுவும் வருவதில்லை ஐயா.
அம்மாப்பேட்டையில் விசைத்தறி பார்த்திருப்பீர்கள்.
நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அடிக்கும்,
தறியை விட்டு ஓரடி நகராது.
துணி மட்டும் வளரும்.
கம்பிக்குள் இருப்பதும் அதே சாதி.
நொடிக்கு ஐம்பது தரம் போய்த் திரும்பும்,
நின்ற இடத்திலேயே.
உங்கள் பல்பில் துடிப்பது
எப்போதும் உங்கள் பல்பில் இருந்ததுதான்.
மேட்டூர் அதை இங்கிருந்தபடி உலுக்குகிறது.

சொல்லவில்லை.
"வேலை நடக்குது சார்" என்றேன்.

விடிந்தால் அதே கம்பியில் மைனா உட்காரும்.
இரண்டு காலும் ஒரே கம்பியில்;
அதற்கு மேடுமில்லை பள்ளமுமில்லை,
ஒன்றும் ஆகாது.
மனிதனுக்கு மண் தொட்டிருக்கிறது.
மண்ணுக்குப் போக வழி தேடுவதுதான்
மின்சாரத்தின் ஒரே புத்தி.
அதனால் சடையன், மரத்தைத் தொடுமுன்
கம்பியையே மண்ணோடு கட்டுவார்:
எர்த் ராடு, கொக்கி, முறுக்குச் செம்பு.
நான் தவறினாலும்,
அந்த ரிசார்ட்காரர் ஜெனரேட்டரைப் போட்டு
சேஞ்ச் ஓவரை மறந்தாலும்,
அவர் உடம்புக்கு முன்னால் மண் வாங்கிக்கொள்ளும்.

இருந்தாலும் சாவியை மேசையில் வைக்கவில்லை.

பதினொன்று நாற்பது.
"ஆளு மூணு பேரும் கீழ. எர்த் எடுத்தாச்சு.
நாற்பத்தேழு ரிட்டர்ன்."
எண்ணை மறுபடி கேட்டேன்.
குரல் அவருடையதுதானா என்று
கேட்பதற்கு வேறு வழியில்லை.

ஐசலேட்டர். பிறகு பிரேக்கர்.
டப்.

முள் எகிறியது, எழுபதுக்கு மேல்.
மூன்று மணி நேரம் சும்மா கிடந்த ஃப்ரிட்ஜெல்லாம்
ஒன்றாய் மூச்சு வாங்கி,
மெல்ல இறங்கி
நாற்பத்து நான்கில் நின்றது.
ஜன்னலில், வானமா மலையா என்று தெரியாத கருப்பில்
ஒரு கோடு பொட்டு.

லாக் புக்கில் நேரம் எழுதுமுன்னே போன்.
மஞ்சக்குட்டையில் ஒரு ஃபேஸ் மங்கலாம்.

சடையன் இன்னும்
ஏணியை வண்டியில் கட்டி முடித்திருக்க மாட்டார்.