இடப்பக்கம்

ஹேண்ட் பிரேக்கை இழுத்தது கை.
முதல் கியரைப் போட்டது கை.
ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்துச் சாவியை உருவி
சட்டைப் பையில் போட்டதும் அதே கை.
நான் அந்நேரம்
கரட் மூட்டைக்கு முதலாளி இன்னும் தராத காசை
எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினொரு வருஷமாய்
கந்தப்பளையிலிருந்து ஏறி வந்து
இதே வளைவில் நிறுத்துகிறேன்.
இடப்பக்கம் மண்மேடு.
பிரேக் விட்டுப் பின்னால் உருண்டாலும்
லொறி மேட்டில் போய்ச் சாய்ந்துகொள்ளும்.

இன்றைக்குக் கீழ்ரோட்டில் மண் சரிந்து
ஹைபொரஸ்ட் பக்கமாய்ச் சுற்றி
மேலிருந்து இறங்கி வந்தேன்.

ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்ட பிறகுதான்
உறைத்தது.

டோர்ச் வெளிச்சத்தில் மழை சாய்ந்து பெய்தது.
முன் டயர் இரண்டும்
பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன,
யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி.
கீழே லயத்தில்
ஒரு வீட்டில் மட்டும் லைட் எரிந்தது,
குழந்தைக்கு இருமல் போல.

முதலில் கல்லை உருட்டி முட்டுக் கொடுத்தேன்.
ஏறி ஸ்டார்ட் பண்ணி
மேடு இருக்கும் வலப்பக்கம் ஒடித்தேன்.
ரிவர்ஸ் கியர்.
ஹேண்ட் பிரேக், இன்னும் ஒரு பல்.
ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னேன்,
லைசன்ஸ் எடுக்க வந்த பையனைப் போல.
கை கொஞ்சம் முரண்டு பிடித்தது.

“என்னத்த மறந்துட்டு இந்த மழையில ஓடுனீங்க?”
தவராணி துவாயை நீட்டினாள்.
“ஒண்ணும் மறக்கல.
அதுதான்.”

அவளுக்கு விளங்கவில்லை.
ரொட்டி ஆறிப்போயிருந்தது.
கை அதை
எப்போதும்போலப் பிய்த்தது.