ஆறாவது கை

தோம்ஸ்க் நகரில் அன்றிரவு மைனஸ் முப்பத்தெட்டு.
விடுதியின் நான்காம் மாடிச் சமையலறை.
அடிப்பிடித்த பானை ஒன்று தொட்டியில் ஊறிக்கொண்டிருக்க
ஒன்பது பேர் மாஃபியா ஆடினோம்.

ஸஹார் சீட்டுப் போட்டான்.
இரண்டு கறுப்பு, ஏழு சிவப்பு.
கறுப்புக்கு மற்றக் கறுப்பைத் தெரியும்.
சிவப்புக்குத் தன்னை மட்டும்தான் தெரியும்,
அதையும் யாரும் நம்பமாட்டார்கள்.
எனக்கு ஹார்ட்டின் ஏழு.

முதல் பகல்.
இன்னும் யாரும் சாகவில்லை. யாரும் பொய் சொல்லி அகப்படவில்லை.
தடயம் என்று ஒன்றும் கிடையாது.
ஆனாலும் ஒருவரை வெளியேற்றியாக வேண்டும்,
முட்டை வேகவைக்கும் கடிகாரம் மணியடிப்பதற்குள்.

"ராத்மீர் இரண்டு தடவை எச்சில் விழுங்கினான்"
என்றாள் ஐகுல்.
கை தூக்கினாள்.

விழுங்கினேன்தான்.
குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்,
குற்றமில்லாத தொண்டை வறண்டுபோவதைப் பற்றி
யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

திமொஃபேய் தூக்கினான். வர்வாரா. லூக்கா.
ஸ்னெஷானா மட்டும் எழுந்து நின்றாள்.
"பாவம், எப்போதும் இவனையே பிடிக்கிறீர்கள்.
இவன் முகத்தைப் பாருங்கள்,
இது பொய் சொல்லும் முகமா?"
எனக்காக ஒருவர் எழுந்து நின்று
வெகு நாளாகிவிட்டது.
கண்ணில் நீர் வந்துவிடுமோ என்று பயந்தேன்.

அவளும் நானும் ஐகுலுக்கு எதிராகக் கை தூக்கினோம்.
என்னுடையது வெறும் கோபம்.
மராத் சூரியகாந்தி விதை கொறித்தபடி
யாருக்கும் கை தூக்கவில்லை.

ஐந்தாவது கை நீனாவுடையது.
ஒன்பதில் ஐந்து. நான் முடிந்தேன்.
அதன் பிறகு
அவசரமே இல்லாமல்
ஆறாவதாக ஒரு கை எழுந்தது.
கிளேபுடையது.

எதற்கு? அப்போது கேட்கத் தோன்றவில்லை.
சீட்டைத் திருப்பிக் காட்டினேன். சிவப்பு.
"ஐயோ" என்றது அறை,
சாயம் போன துணியைப் பார்த்ததுபோல.

போனவன் பேசக்கூடாது. அது விதி.
ஆனால் இரவில் எல்லோரும் கண் மூடும்போது
போனவன் மூட வேண்டியதில்லை.
ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
கண்ணாடிக்கு உட்புறமும் பனி பூத்திருந்தது.

"மாஃபியா விழிக்கட்டும்" என்றான் ஸஹார்.
கிளேப் விழித்தான்.
ஸ்னெஷானா விழித்தாள்.

ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயை
அன்றுதான் நேரில் பார்த்தேன்.
அழகாகவே அழுதிருந்தாள்.

ஜன்னல் திட்டில் எனக்கு நிறைய நேரம் இருந்தது.
யோசித்தேன்:
நான் சிவப்பு என்று அந்த அறையில்
உறுதியாகத் தெரிந்தவர்கள்
என்னைத் தவிர இரண்டே பேர்.
அதனால்தான் அவளால் அவ்வளவு உறுதியாகப் பேச முடிந்தது.
தெரியாதவளால்தான் சந்தேகப்பட முடியும்.
ஐகுல் சந்தேகப்பட்டாள்,
அதாவது அவளுக்குத் தெரியாது,
அதாவது
அவள் என்னைப்போல.

மறுபகல் ஸ்னெஷானா கேட்டாள்,
"முதலில் கை தூக்கியது யார்?"
எல்லோரும் ஐகுலைப் பார்த்தார்கள்.
பல்லைக் கடித்துக்கொண்டு கால்களை ஆட்டினேன்.
ஸஹார் முறைத்தான். நிறுத்தினேன்.
ஐகுலும் ஹார்ட்தான். ராணி.

ராணி வந்து திட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
இடம் போதவில்லை.
இரவு அவள் கண் விழித்துப் பார்த்தபோது
அவள் முழங்கை என் விலாவில் இறங்கியது.
அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது.

கீழே திமொஃபேய்
விதைத்தோல்களை மேஜையில் வரிசையாக வைத்து
யார் எப்போது கை தூக்கினார்கள் என்று எண்ணத் தொடங்கினான்.
ஒன்று, இரண்டு, மூன்று.
முதல் பகலின் வாக்கு அன்றைக்குப் பயன்படாது,
நாளைக்கு எண்ணிப் பார்க்கத்தான்.
நான்கு. ஐந்து.
எண்ணுடா, எண்ணு.
ஆறாவது தோலை விரலில் எடுத்தான்.
மராத் கைக்குட்டைக்காகக் குனிந்து
மேஜை முழுக்கத் தும்மினான்.

நாலு மணிக்குக் கறுப்பு வென்றது.
ஸ்னெஷானா எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள்,
எனக்கு மட்டும் ஜாம் போட்டு.
உண்மையிலேயே நல்லவள்.

அடுத்த ஆட்டம்.
கிளப்பின் மூன்று. மறுபடி சிவப்பு இல்லை.
முதல் பகல். கடிகாரம் ஓடுகிறது.
எதிரே ஐகுல்,
எச்சில் விழுங்குகிறாள்.
நான் எழுந்து நின்று
அவளுக்காகப் பேசத் தொடங்குகிறேன்.
அவள் என் வாயைப் பார்க்கவில்லை.
பேசும் என்னையே பார்த்தபடி
மெதுவாகக் கை தூக்குகிறாள்.