பதினெட்டு டிகிரி

ஷார்ஜாவில் ஆகஸ்ட் இரவு, மணி மூன்று.
ஏசி பதினெட்டில்.
கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறார் தேவநேசன்.
எனக்கோ கழுத்திலிருந்து காதுமடல் வரை
யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
விசாவுக்காக ரத்தம் எடுத்து, நெஞ்சைப் படம்பிடித்து
தகுதி என்று முத்திரை குத்துவார்கள்.
தூங்கினாயா என்று கேட்க
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

கேட்டது டாக்டர் ஷெஹ்னாஸ்தான்.
எலும்பை அளந்துவிட்டுச் சிரித்தார்:
"இவ்வளவு வெயிலடிக்கிற ஊரில்
வைட்டமின் டி ஒன்பதா!
கனம் தூக்குங்கள், மேடம்."

பக்காலா பையனை வரவேண்டாம் என்றுவிட்டேன்.
ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், கைக்கொன்று,
நாலு மாடி.
இரண்டாவதில் மூச்சுவாங்க நின்றால்
லாகூர்க்காரர் வீட்டில் வெங்காயம் வதங்கும்.
மூன்றாவதில் இப்போது நிற்பதில்லை.

ஆபீஸ் மீட்டிங்கில் வியர்த்துக் கொட்டினால்
முன்புபோல் கழிவறைக்கு ஓடுவதுமில்லை.
ஒரு நிமிஷம் என்று சொல்லி
ஏப்ரல் மாத இன்வாய்ஸால் விசிறிக்கொள்கிறேன்.
எதிரில் மேனேஜர்
கூரையைப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

நேற்று லிஃப்ட்
கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது.
"வா" என்றார் தேவநேசன்.
கேனைக் கைமாற்றிப் பிடித்துப்
படிப்பக்கம் திரும்பினேன்.
அவர் போய் வாசலில் நிற்கட்டும்,
சாவி என்னிடம்.