விட்டாச்சு

உரக்கடை மாடியில் என் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு.
யூரியா வாடை, ஆறு பெஞ்சு,
மூன்றில் வைத்தால்தான் சுற்றும் ஃபேன்.
மூணாறு தலைப்பில் லஸ்கர் வேலை உத்திராபதிக்கு.
என்னைவிட ஏழு வயது இளையவர்
(அந்த 'விட'வுக்கும் இதில் பங்கு உண்டு).
நெதர்லாந்திலிருந்து யாரோ தண்ணீர் அளக்க வருகிறாராம்.
அவரிடம் பேச நாலு வாக்கியம் வேண்டும்.

"தண்ணி விட்டாச்சு. இதுக்கு என்ன மிஸ்?"
ரிலீஸ் என்று எழுதினேன்.
"மழை விட்டுருச்சு?"
ஸ்டாப்.
பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"ஒண்ணு வருது, ஒண்ணு நிக்குது.
ரெண்டுக்கும் நமக்கு ஒரே வார்த்தையா?"

அதன்பிறகு பாடம் நடக்கவில்லை.
நாற்று வேர் விட்டது.
கலெக்டர் லீவு விட்டார்.
கொரடாச்சேரி பஸ்ஸை நான் விட்டேன்,
அதே ரூட்டில் பஸ் விடுகிறார் ஒருவரின் மச்சான்.
கடைப் பையன் படியில் நின்று கதை விட்டான்.
கடைசி பெஞ்சு பர்வீன் கொட்டாவி விட்டு,
"விட்டா பேசிக்கிட்டே இருப்பீங்க" என்றாள்.
பலகையில் பதினொரு இங்கிலீஷ் சொற்கள்,
ஒன்றின் முகம் ஒன்றுக்குத் தெரியாது.

எழுதாமல் விட்டது ஒன்று.
வியாழக்கிழமை, சார்பதிவாளர் அலுவலகம்.
வடுவூர்ப் பக்கம் மூன்று மா.
விட்டுக்கொடு என்கிறான் அண்ணன்.
பத்திரத்தின் பெயர் விடுதலை,
யாருக்கு என்று போடவில்லை.

செருப்பு மாட்டும்போது உத்திராபதி சொன்னார்:
"ஷட்டரை முழுசா தூக்கிட்டா அது விடுறது இல்ல மிஸ்,
கைகழுவுறது.
கோரையாத்துக்கு எவ்வளவு, பாமணிக்கு எவ்வளவுன்னு
திருகுல கை வெச்சுக்கிட்டே நிக்கணும்.
இதை அந்த ஆளுக்கு எப்படிச் சொல்ல?"
தெரியவில்லை என்றேன்.
ஃபீஸ் பாக்கி நூற்றைம்பதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வியாழன்.
ஜெராக்ஸ் சூடு ஆறாத தாள்கள்.
எழுத்தர் பேனாவை நீட்டுகிறார்.
"போட்டுவிடு," என்கிறான் அண்ணன்.

இந்த விடு எதையும் விடவில்லை.
முன்னால் நிற்கும் வினையை
உள்ளே தள்ளித் தாழ் போடுகிறது.

மூடியைக் கழற்றினேன்.
எத்தனை அங்குலம், என்று கேட்டேன்.
அண்ணனுக்குப் புரியவில்லை.
எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.