முப்பத்திரண்டாவது மணி

ஊர் எழுத்தர் வேலையில் என் பொறுப்புக்கு வந்தது
இந்தப் பழைய பேரேடு.
தோல் அட்டை, எலி கடித்த மூலை,
தேநீர்க் கறையாய் வெளுத்த மை.

ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு, மார்ச்.
மாசசூசெட்ஸ் கரையில் பனி இன்னும் கரையவில்லை.
ஜெபக்கூடத்தில் அடுப்பு கிடையாது.
கதகதப்புக்கு இடம் கொடுத்தால்
பின்னாலேயே பிஷப்பும் நுழைவார் என்ற பயம்.

தேவனுக்கும் தமக்கும் நடுவே
ஓர் ஆள் நிற்கலாகாது என்று
கடல் தாண்டி வந்தவர்கள்.
அன்று கூடியது
நடுவே நின்ற ஓர் ஆளை வெளியேற்ற.

ஒபதியா கிரிம்ஸ்டன், பீப்பாய் செய்கிறவன்.
"என் மனச்சாட்சிக்கு நீதிபதி வேண்டாம்"
என்று கிணற்றடியில் சொன்னானாம்.
இதையே சொல்லித்தான் அவர்களும் கப்பலேறினார்கள்;
பேரேட்டில் அது இல்லை.

போகட்டும் என்றால் ஒரு மக்காச்சோள மணி.
இருக்கட்டும் என்றால் ஓர் அவரை.
தொப்பி ஒன்று பெஞ்சு பெஞ்சாய்ப் போனது.
அந்த இரண்டையும் விதைக்கக் கற்றுத்தந்தவர்கள்
ஆற்றுக்கு அப்பால் இருந்தார்கள்.
தொப்பி ஆறு தாண்டவில்லை.

ஓட்டுள்ளவர் முப்பத்தொருவர்.
கொட்டி எண்ணினால் முப்பத்திரண்டு.
சோளம் பதினாறு, அவரை பதினாறு.

மறுபடி எண்ணினார்கள்.
ஜெபித்துவிட்டு மறுபடி.
கூட்டியது தேவனா பிசாசா என்று
மூப்பர் ரீகம்பென்ஸ் ஆட்லி
இரண்டு மணி நேரம் பேசினார்.
ஓர் அவரையை எடுத்து எறிய
ஒருவருக்கும் கை வரவில்லை.
ஒத்திவைப்பு.
மே மாதக் குறிப்பு: கிரிம்ஸ்டனிடம்
ஊருக்கு ஆறு பீப்பாய் வாங்கியது.

அதே பக்கத்தின் ஓரத்தில் ஒரு செலவு:
கூடம் பெருக்கிய விதவை சைலன்ஸ் டாப்லிக்கு
நான்கு பென்ஸ்.
பெயருக்குப் பொருள் மௌனம்.
பெண்கள் பக்கம் தொப்பி வராது.
கடைசிப் பெஞ்சிலிருந்து மேசைவரை
அதை யார் கொண்டுபோனது
என்று எழுதியவர் எழுதவில்லை.
ஊகிப்பது எழுத்தருக்கு அழகல்ல.
ஊகித்துவிட்டேன்.

இன்றிரவு பள்ளி விளையாட்டரங்கில் கூட்டம்.
பனி தள்ளும் வண்டி வாங்குவதா, பழையதையே ஓட்டுவதா.
மடக்கு நாற்காலி முதுகை வதைக்கிறது,
அந்த வைராக்கியம் மட்டும் குறையவில்லை.
படகுத்துறை முதலாளியும்
அவரிடம் மீன் கழுவும் பெண்ணும்
ஒரே மைக்குக்கு வரிசையில்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.

பின் வரிசையில் புதிதாய் வந்த குடும்பம்;
பட்டியலில் இன்னும் பெயர் ஏறவில்லை.
கைகள் உயர்கின்றன.
அவர்களின் சிறுமியும் தூக்குகிறாள்,
கையுறையோடு.

எண்ணிக்கை இடிக்கிறது.
மறுபடி எண்ணுங்கள் என்கிறார் தலைவர்.
முதல் வரிசையிலிருந்து தொடங்குகிறேன்.