உப்பு ஒட்டினால்

கோட்டையூர்ப் பலகாரக் கூடத்தில்
பெல்லட்டை யாரும் பெல்லட் என்பதில்லை.
மாத்திரை.
அடுப்புக்கு வேளைக்கு இரண்டு சட்டி மாத்திரை,
புளோயரைத் திருகினால்
நீலமாய் எழுந்து உட்காரும் நெருப்பு.
விறகுப் புகை போய் மூன்று வருடம்.
என் இருமலும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள்
அடுப்பு இருமியது.
தேன்குழல் எண்ணெய்க்குள் படுத்துக்கொண்டது,
எழவில்லை.
பிழிந்தது லூர்துமேரி கை, மாவில் குற்றமில்லை.
ஆனாலும் வெளுத்து, எண்ணெய் குடித்து,
நனைந்த கயிறு மாதிரி
கரண்டியில் தொங்கியது.
உமையாள் ஆச்சி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு
தட்டை என் பக்கம் நகர்த்தினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

சாக்குக்குள் கை விட்டேன்.
மேலே சரிதான்.
முழங்கை வரை போனதும் குளிர்.
ஒன்றை எடுத்து ஒடித்தேன்.
நல்லதென்றால் கடலைமிட்டாய்போல் டக்கென்னும்;
இது வாயே திறக்கவில்லை.
நுனி ஊதி, தோல் வெடித்து,
விரலிடுக்கில் மரத்தூளாகி
ரம்பம் இறங்கிய நாளுக்கே திரும்பிப் போனது.

அடியில் தூசி.
அடுப்பின் காற்றுத்துளைகளில் அடைத்திருந்ததும் அதுதான்,
கோணி ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன்.
சலித்துத் தராசில் வைத்தால்
இருபத்தைந்து கிலோச் சாக்கில்
இரண்டே முக்கால் கிலோ.
அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறோம்.

புதுவயல் ஜபருல்லா போனில் சொன்னார்:
'ஆறவச்சுத்தான் சாக்குல கட்டுறேன்,
உங்க தரைதான் வேர்க்குது.'
நான் சொன்னேன்:
'உங்க லாரிக்காரன் சாக்கை இறக்கலை, எறிஞ்சான்.'
ஈரம் எங்களுடையது, தூசி அவருடையது.
கல்யாணம் மட்டும் வேறு யாருடையதோ:
வியாழக்கிழமை,
எழுநூறு தேன்குழல், எழுநூறு அதிரசம்.

தூசியை வீணாக்குவானேன் என்று
அள்ளி அடுப்பில் போட்டது நானேதான்.
அது எரியவில்லை.
பூத்தது.
ஒரு நொடி, கூரை வரை மஞ்சள்.
பிறகு பார்த்தால்
என் இடது புருவம் இல்லை,
லூர்துமேரி கையில் தண்ணீர்ச் செம்பு,
எண்ணெய்ச் சட்டிக்கும் எனக்கும் நடுவே ஆச்சி.

மறுநாள் ஜபருல்லா வந்தார்.
என் முகத்தைப் பார்த்தபின் விலை பேசவில்லை.
பையில் காலி ஊறுகாய்ப் பாட்டில்கள்.
'நெல்லுக்குப் பாக்குறதுதான்' என்று
பாதிக்கு மாத்திரை,
மேலே வாணலியில் வறுத்த பொடியுப்பு ஒரு பிடி,
மூடி இறுக்கி, குலுக்கி, வைத்தார்.
கால் மணி நேரம்
நான்கு பேர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
பிரசவ அறை வாசலில் நிற்கிறவர்களைப்போல.

சுவரோரச் சாக்கு எட்டிலும்
உப்பு கண்ணாடியில் ஒட்டியது.
நடுக்கூடத்துச் சாக்கு மூன்றில்
உதிர்ந்து அடியில் விழுந்தது.
சுவர்தான். சுவரும் தரையும்தான்.
அவர் சிரிக்கவில்லை.
நான் சல்லடையை நீட்டினேன்.
அவரே சலித்தார்,
அவர் சட்டை வெளுத்தது,
நானும் சிரிக்கவில்லை.

மூன்று சாக்கில் கல்யாணம் முடிந்தது.

இப்போது சாக்குகள் மரச்சட்டத்தின்மேல் நிற்கின்றன,
சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி,
பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் மாதிரி.
அன்றன்றைக்கு வேண்டியது மூடிபோட்ட தகர டிரம்மில்.
சலிப்பது வெளியே,
காற்று என் முதுகுக்குப் பின்னால் இருக்க,
முந்தானை மூக்கைச் சுற்றி.
சேர்ந்த தூசியை ஜபருல்லா எடுத்துப் போகிறார்,
மறுபடி மாத்திரையாக அழுத்துவதற்கு.
பில்லில் முக்கால் பங்கு எடைதான் கழிக்கிறார்.
அதைப் பற்றி இன்னும் பேச்சு இருக்கிறது.

வெளுத்த தேன்குழலை நாங்கள் எறியவில்லை,
ஒரு வாரம் டீக்குத் தின்றோம்.
கல்யாண வீட்டில் பலகாரத்தின் நிறம் பற்றி
ஒருவரும் கேட்கவில்லை.
புருவம் பற்றித்தான் கேட்டார்கள்.
லூர்துமேரி மை தீட்டிவிட்டிருந்தாள்,
வலதைவிடக் கொஞ்சம் மேலே;
இறக்கிய சீர்த்தட்டு ஒவ்வொன்றையும்
நான் ஆச்சரியமாகவே பார்த்துக்கொண்டு நின்றேன்.