எட்டரை மா

சதுர மில்லிமீட்டர் எனக்குப் பிடிபடாது.
எங்கள் பக்கத்துக் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன்:
ஃபுல் ஃபிரேம் சென்சார் ஒரு வேலி என்றால்
ஏபிஎஸ்-சி எட்டரை மா,
மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் ஐந்து மாவும் கொஞ்சம் குழியும்.
மழை எல்லா வயலிலும் ஒன்றுபோலத்தான் பெய்கிறது.
பரப்பு பெரிதென்றால் பிடிக்கிற தண்ணீர் கூடுதல்.
வெளிச்சமும் அப்படித்தான்.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது.

தஞ்சாவூர்க் கடையில் சகாயராஜ்
மூன்றையும் கண்ணாடி மேசையில் எடுத்துவைத்தார்.
மிரர்லெஸ் சின்னது, மிரர்லெஸ் சின்னது என்றார்கள்.
உடம்பு சின்னதுதான்.
வேலிக்கு உரிய லென்ஸை மாட்டியதும்
குடம் இருக்கிற பக்கம் சாயும் இடுப்பாக
முன்னே சாய்ந்தது மொத்தமும்.
பெரிய வயலுக்குத் தண்ணீர் கட்ட
வாய்க்காலையும் அகலமாய் வெட்டவேண்டும்.
அதை எந்த விளம்பரத்திலும் போடவில்லை.

என் பிழைப்பு கூத்தாநல்லூர், பொதக்குடி, அத்திக்கடை.
பெண்கள் பக்கம் எடுக்கப் பெண்தான் வேண்டும் என்பார்கள்.
டவுன் பஸ்ஸில் மடியில் பை,
பைக்கு மேல் யாரோ ஏற்றிவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளை.
மாடி அறைக்குப் போனால் ஜன்னல் சாத்தியிருக்கும்,
கரண்ட் போயிருக்கும்,
இன்வெர்ட்டர் பல்பு ஒன்றுதான் மணப்பெண்ணுக்கு நிலா.
போன மாசியில் இரவல் வாங்கிப் போன ஐந்து மாவில்
சபுராவின் கன்னமெல்லாம் ரவை.
"மூஞ்சி ஏன்க்கா புழுதியா இருக்கு?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.
அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலிக்கு உடம்பு ஒன்று எழுபது, லென்ஸ் ஒன்று இருபது.
"தவணை போட்டுக்கலாம், மாசம் பதினாலாயிரம்."
விரல்விட்டு எண்ணினேன்.
ஆடியில் கல்யாணம் இல்லை,
புரட்டாசி அரைகுறை,
மார்கழி இல்லை,
ரமலானில் இல்லை, முஹர்ரத்தில் தள்ளிப்போடுவார்கள்.
தவணைக்கு மட்டும்
பன்னிரண்டு மாதமும் தை.

கடனுக்கு வேலி வாங்கி
வட்டிக்கு மா மாவாக விற்றவர்கள்
எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

போனில் வீட்டுக்காரரைக் கேட்டேன்.
அறுவடை மெஷின் ஓட்டுகிறவர் குணாளன்.
"பெரிய மெஷின் சின்ன வயல்ல திரும்பாது,
வரப்புதான் உடையும்" என்றார்.
பிறகு, "உனக்குப் புடிச்சா வாங்கு" என்றும் சொன்னார்,
மெஷின் இரைச்சலில்.

ஒருவர் கைமாறிய எட்டரை மா.
ஒரே லென்ஸ், முப்பது, எஃப் ஒன் பாயிண்ட் ஃபோர்.
வயல் சின்னது, மடையாவது அகலமாக இருக்கட்டும்.
ஜூம் கிடையாது.
கிட்டே வேண்டுமென்றால் நான்தான் நடக்கவேண்டும்.
ரசீதில் எழுபத்தெட்டாயிரம்.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
பக்கத்து சீட்டு அம்மா பெட்டியைத் தொட்டு
"எவ்வளவு?" என்றாள்.
"இருபதாயிரம்."
"அவ்வளவா!" என்று வாயில் கைவைத்தாள்.
மீதியை விழுங்கிக்கொண்டேன்.

ஜன்னலுக்குக் கீழே வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள்.
"ஒரு படம் எடுத்துக்கவா?"
கூடையை இடுப்புக்கு மாற்றி,
மாராப்பைச் சரிசெய்து,
மூச்சைப் பிடித்து நின்றாள்.
எடுத்தேன். சத்தமே இல்லை.
பழைய கேமராவில் கண்ணாடி எழும்பி விழும், டக் என்று;
அந்த டக்கில்தான் எல்லோரும்
வயிற்றைத் தளர்த்துவார்கள், சிரிப்பை இறக்கிவைப்பார்கள்.
இவளுக்கு யார் சொல்வது?
அசையாத முகத்தை இன்னும் இரண்டு எடுத்தேன்.
வெயில் பாதிக் கன்னத்தில். ரவை இல்லை.
உதடு பிரியாமல் கேட்டாள்: "ஆச்சா?"

கேட் திறந்து பஸ் நகர்ந்தது.
"ஆச்சு, ஆச்சு" என்று கத்தினேன்.
ஹாரனில் கேட்டிருக்காது.
எட்டிப் பார்த்தபோது
கூடையும் அவளும் அப்படியே,
இன்னும் மூச்சு விடாமல்.